முதல் ஊசி பக்கத்திலேயே கிடைக்கட்டும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடாமல் திரும்புவது அபூர்வம். தொட்டுவிட்டு வந்தால் பல்லி விழுந்த தோஷம் தீரும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அது அவரவர் மனசு சம்பந்தப்பட்டது. ஆனால் பல்லி விஷம் என்ற பயம் கோயிலோடு நிற்பதில்லை. சத்துணவுச் சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஒரு பிள்ளை சொன்னதும் வகுப்பே வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தியைப் பத்திரிகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி எதற்கும் விஷம் கிடையாது. அதன் குடலில் உள்ள சால்மோனெல்லா கிருமி உணவில் கலந்தால் வயிற்றுப்போக்கு வரலாம். மற்றதெல்லாம் பயம் செய்கிற வேலை.

உயிரை எடுக்கும் விஷமும் இதே ஊரைச் சுற்றி இருக்கிறது. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஓடும் மண். ஏரிப் பாசனம் என்றால் நெல். நெல் என்றால் எலி. எலி என்றால் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நாடு முழுவதும் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்.

அதற்கு முன்பு 2011-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில்தான் என்னை உலுக்கிய எண் இருக்கிறது. பாம்பு கடித்து இறந்தவர்களில் மருத்துவமனையில் உயிர் விட்டவர்கள் 23 சதவீதம்தான். மீதிப் பேர் வீட்டிலோ, வழியிலோ, மந்திரிக்கிறவர் வாசலிலோ இறந்தார்கள். மருந்து தோற்று இறந்தவர்களைவிட, மருந்தையே பார்க்காமல் இறந்தவர்கள்தான் அதிகம். ஆகவே இந்தக் கட்டுரை பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றியது அல்ல. கடித்த நொடிக்கும் முதல் ஊசிக்கும் நடுவில் கழியும் நேரத்தைப் பற்றியது.

நான்கு பாம்பும் ஒரே மாதிரி கொல்வதில்லை. நல்ல பாம்பின் விஷம் நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தசையின் வாசலிலேயே மறித்துவிடுகிறது. கடித்த இடம் வீங்கும், கறுக்கும். இமை தொங்கும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகும். கட்டுவிரியனும் நரம்பைத்தான் தாக்குகிறது, ஆனால் மறுமுனையில். நரம்பு நுனியில் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் வெளியேறும் அமைப்பையே அது சிதைத்துவிடும். சிதைந்த நுனி மறுபடி வளர்ந்து வர நாட்கள் பிடிக்கும். நல்ல பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் பலன் தரும். கட்டுவிரியனுக்கு அந்த ஊசி பெரும்பாலும் கைகொடுக்காது. மூச்சை நாம் செலுத்திக்கொண்டே இருந்து நரம்பு மீளும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வீட்டுக்குள் வரும் பாம்பு. இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. பல சமயம் தடம்கூடத் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார். வாயுக்கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்பார். பிள்ளையார்பாளையத்திலோ ஐயம்பேட்டையிலோ குழித்தறி வைத்திருக்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தறிக்கும் ஆளுக்கும் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் படுக்கை. இரவில் தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாத வயிற்று வலியோடும் தொங்கும் இமையோடும் எழுந்தால், வேறு யாராவது நிரூபிக்கும்வரை அது கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். படுக்கையைச் சுற்றிக் கொசுவலையைச் செருகிப் படுப்பதும், காலையில் தறிக்குழியில் காலை விடுமுன் டார்ச் அடித்துப் பார்ப்பதும் காசு அதிகம் கேட்காத பாதுகாப்பு.

கண்ணாடி விரியனின் வேலை வேறு. அதன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளைத் தூண்டிவிடுகிறது. உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைவுகள் உண்டாகி, உறைவதற்கான பொருள் முழுவதும் அதில் செலவாகிவிடும். பாவு நூலெல்லாம் நூறு இடத்தில் சிக்கி முடிச்சாகிப் போனால் தறியில் நெய்ய நூல் இருக்காது. அதுபோலத்தான், நிஜமாக ரத்தம் கசியும்போது அடைக்க எதுவும் மிச்சமிருக்காது. ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், சில சமயம் மூளைக்குள்ளேயே ரத்தக்கசிவு. கூடவே சிறுநீரகமும் பழுதாகும். பிழைத்தவர்களில் பலர் டயாலிசிஸ் வார்டில் வாரக்கணக்கில் படுத்திருப்பது இதனால்தான்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, அது தவறான விடை தரும். குக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட ஒரு செவிலியர் செய்துவிடக்கூடிய சோதனை இது. இவ்வளவு எளிய, இவ்வளவு நம்பகமான சோதனை மருத்துவத்தில் வேறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, கடித்தவுடன் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? கயிறு கட்டக்கூடாது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றும் பாம்பு கடித்தவர் காலில் கயிறோ, துண்டோ, ரப்பர் டியூபோ இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவு. விஷம் மேலே ஏறாமல் தடுப்பதாக நினைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்ற கால் அழுகிப்போகலாம். விரியன் விஷம் ஒரே இடத்தில் தேங்கினால் தசையை இன்னும் மோசமாக அரிக்கும். கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயும். ஆகவே இறுக்கமாகக் கட்டிவிட்டால், மருந்தும் மூச்சுக் கருவியும் தயாராக இருக்கும் இடத்தில் மருத்துவரே அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் விஷத்தை வெளியே கொண்டுவராது. ரத்தம் உறையாத உடம்பில் கீறல் போட்டால் அதுவே இன்னொரு ஆபத்து.

செய்ய வேண்டியது சொற்பம். கடிபட்டவரை நடக்கவிடாமல், ஓடவிடாமல் படுக்க வைக்க வேண்டும். தசை அசைய அசைய விஷம் பரவும். கையானாலும் காலானாலும் எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு பலகையோ கம்போ வைத்து அசையாமல், ஆனால் தளர்வாகக் கட்டலாம். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், காப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் இறங்காதபடி இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். 108-க்குப் போன் போட வேண்டும். எப்போது கடித்தது, பிறகு என்னென்ன அறிகுறி எந்த நேரத்தில் வந்தது என்பதை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துவருவது வேண்டாத வேலை. தேடுகிற நேரம் வீண். தேடுகிறவருக்கும் கடி விழலாம். நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாராவது. அறிகுறியை வைத்தே மருத்துவர் தொடங்கிவிட முடியும்.

அந்த மருந்தின் ஊற்றுக்கண் இந்த மண்ணில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டம். பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூடின. பாம்பியல் ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்கையெடுக்க, 1978-ல் இந்தச் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவது என்பது ஏற்பாடு.

அங்கே பார்க்கிறவர்கள் மறக்காத காட்சி, வரிசையாக வைத்த மண்பானைகள். வாயில் துணி கட்டிய ஒவ்வொரு பானையிலும் பாம்பு. மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை விஷம் எடுக்கிறார்கள். மெல்லிய உறை போர்த்திய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பாம்பு பல்லைப் பதிக்க, மஞ்சள் நிறத் துளிகள் உள்ளே இறங்கும். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு வைத்துக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி பிடிபட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். உறைநிலையில் உலர்த்திய விஷத்தூள் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. நாடு முழுவதும் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு இந்தக் கைகளிலிருந்து வந்தது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அது தாமதமான மரியாதை என்றே எனக்குப் பட்டது.

அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்துக்கு எதிரான புரதங்கள் உருவாகும். அதைப் பிரித்து, சுத்தப்படுத்தி, உலர்த்தினால் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்திலும் அந்தத் தூள் கெடாது. தண்ணீர் விட்டு 10 மில்லியாகக் கரைக்கும்போது குலுக்கக்கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகச் சுழற்ற வேண்டும். இந்த மருந்து ஒரு மில்லிக்கு 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தையும், அதே அளவு கண்ணாடி விரியன் விஷத்தையும், 0.45 மில்லிகிராம் வீதம் மற்ற இரண்டின் விஷத்தையும் முறிக்க வேண்டும் என்பது விதி. விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் வழக்கமாக 10 குப்பியில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. அறிகுறி இல்லையென்றால் மருந்து வேண்டாம், ஆனால் 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

விஷமும் ஒவ்வாமையும் சந்திக்கும் இடம் இதுதான். மருந்து குதிரைப் புரதம். மனித உடம்புக்கு அது அந்நியம். சில சமயம் உடம்பு அதை எதிரியாக நினைத்து மொத்தப் படையையும் அவிழ்த்துவிடும். பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேவும் 1902-ல் இதை நாய்களில் கண்டு சொன்னார்கள். கடல் அனிமோனியின் நஞ்சைச் சிறிதளவு தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி செலுத்திய சிறிதளவுக்கே அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறிச் செத்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. அனபிலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடுமையான ஒவ்வாமையில், தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், ரத்த அழுத்தம் சரியும். தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் சுருங்கும். தடிப்பு, அரிப்பு, வாந்தி, இழுப்பு, மயக்கம் எல்லாம் நிமிடங்களில் வந்துவிடும். விஷமுறிவு மருந்தில் வருகிற எதிர்வினை முன்பு குதிரைப் புரதமே ஏறாதவருக்கும் வரும் என்பதால், தோலில் சொட்டு வைத்துச் சோதிக்கும் பழைய வழக்கம் யாருக்கு வரும் என்று சொல்லாது. அந்தச் சோதனையை இப்போது பரிந்துரைப்பதில்லை.

எவ்வளவு பேருக்கு வரும்? இலங்கையில் மூன்று மருத்துவமனைகளில் 1,007 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. அவர்களுக்குக் கொடுத்தது இந்தியாவில் தயாரான மருந்து. முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஓர் எதிர்வினை வந்தது. அதில் பெரும்பாலானவை முதல் ஒரு மணி நேரத்துக்குள். அந்த ஆய்வின் நோக்கம், மருந்து ஏற்றுவதற்கு முன்பே எதைக் கொடுத்தால் இது குறையும் என்று பார்ப்பது. ஹைட்ரோகார்ட்டிசோன் பலன் தரவில்லை. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் புரோமெதசினும் பலன் தரவில்லை. தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டவர்களுக்குக் கடுமையான எதிர்வினை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது.

இந்த அட்ரினலின்தான் கதையின் நாயகன். 1901 வாக்கில் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே பிரித்தெடுத்துக் கொடுத்த, நம் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தானே சுரக்கும் பொருள். விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும். தொண்டை வீக்கத்தை இறக்கும். மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் அடக்கும். நான்கு வேலையையும் சேர்த்துச் செய்யும் வேறு மருந்து கிடையாது. ஒரு மில்லி கொண்ட சின்ன ஆம்பூல். அதில் அரை மில்லியை, அதாவது 0.5 மில்லிகிராமை, பெரியவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். புஜத்தில் போடுவதைவிடத் தொடையில் போட்டால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது. சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொன்று. நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எக்காரணம் கொண்டும் திடீரென்று எழுந்து நிற்கவிடக்கூடாது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் நின்று அந்த நொடியே உயிர் போயிருக்கிறது.

நம் ஊரில் ஒவ்வாமை என்றால் அவில் ஊசி, கூடவே டெக்சா. தடிப்புக்கும் அரிப்புக்கும் அவில் போதும். மூச்சும் அழுத்தமும் போகும்போது அவில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது நேரத்தைக் கொலை செய்வது. டெக்சா போன்ற ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். பிரிட்டனில் ஒவ்வாமை மரணங்களை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. இதயமோ மூச்சோ நிற்பதற்கு ஆன நேரத்தில் நடு எண், உணவால் வந்த ஒவ்வாமையில் 30 நிமிடம், பூச்சி கொட்டியதில் 15 நிமிடம், ஊசி மருந்தால் வந்ததில் 5 நிமிடம். அட்ரினலினைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க இதில் எங்கே இடம் இருக்கிறது?

பூச்சி என்றதும் கோயில் கோபுரத்தின் நினைவு வருகிறது. உயரமான கோபுரங்களில் மலைத்தேனீ கூடு கட்டும். தென்னையிலும் பனையிலும் கதண்டு. புகை எழும்பினாலோ யாராவது கல்லெறிந்தாலோ கூட்டமாக இறங்கும். ஒன்றிரண்டு கொட்டினால் பெரும்பாலோருக்கு வீக்கமும் வலியும்தான். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொடுக்கு போதும். நூற்றுக்கணக்கில் கொட்டிவிட்டால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் விஷத்தின் அளவாலேயே சிறுநீரகம் கெடலாம். தேனீ தன் கொடுக்கைத் தோலிலேயே விட்டுப்போகும், அதிலுள்ள பை விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். நகத்தால் வழித்தோ பிடுங்கியோ எப்படியாவது உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கதண்டு கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டிய இடத்துக்கு வெளியே உடம்பெல்லாம் தடித்தாலோ, குரல் கம்மினாலோ, தலை சுற்றினாலோ அது அட்ரினலினுக்கான நேரம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். விஷமுறிவு மருந்து இருந்தும் அதை ஏற்றத் தயங்கி, மேல் ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்து அனுப்புவது நம் ஊர்ப் பக்கம் பழகிப்போன வழக்கம். காரணம் அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை. மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்து நோயாளி கண்முன்னே சரிந்தால் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்களோ என்ற பயம் தனியாக இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஒவ்வாமைக்கு மருந்து அதே அறையின் அலமாரியில் உள்ள ஆம்பூல். சிரிஞ்சில் அட்ரினலினை முன்கூட்டியே ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால், எதிர்வினை வந்தால் சொட்டை நிறுத்தி, தொடையில் ஊசி போட்டு, நோயாளி தேறியதும் மறுபடி தொடங்கிவிடலாம். ஒவ்வாமை வந்தது என்பதற்காக விஷமுறிவு மருந்தை அடியோடு நிறுத்தக்கூடாது. விஷம் நரம்பு நுனியையும் சிறுநீரகத்தையும் சிதைத்தபின் ஏற்றுகிற 30 குப்பி, ஆரம்பத்தில் ஏற்றுகிற 10 குப்பிக்கு ஈடாகாது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும் நேரம் முழுவதும் விஷம் வேலை செய்துகொண்டிருக்கும். வென்டிலேட்டருக்கும் டயாலிசிஸுக்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும்தான். முதல் தவணை மருந்து ஏறிய பிறகு, மூச்சுக்கு ஆள் துணையோடு, அங்கே அனுப்பட்டும்.

அந்தத் துணை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவையில் இருக்கிறது. வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள் அல்ல. கட்டுவிரியன் கடித்து மூச்சு ஓய்ந்தவருக்கு மூச்சைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தால் அவர் பிழைப்பார். இங்கே குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: நரம்பு விஷம் ஏறியவர் கண் திறக்கமாட்டார், விரலை அசைக்கமாட்டார், கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கலாம். ஆனால் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும். மூளைச்சாவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பூச்சிமருந்து விஷயத்திலும் நிலைமை இதுதான். வயலில் மருந்தடிக்கும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறலாம். வீட்டில் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் குழந்தை குடித்துவிடலாம். மனம் உடைந்த யாரோ குடித்துவிடலாம். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளில் கண்மணி குறுகும், எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், நாடி தளரும், நுரையீரலில் நீர் கோக்கும். கிராமத்தில் உடனே சாணிக் கரைசலோ, உப்புத் தண்ணீரோ, சோப்புத் தண்ணீரோ கரைத்துக் குடிக்க வைத்து வாந்தியெடுக்க வைப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்தக் காரியம்தான் பல உயிரை எடுக்கிறது. நினைவு மங்கியவர் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். மருந்தில் கலந்திருக்கும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலில் இறங்கினால் இன்னும் கேடு. வாயில் எதையும் ஊற்றாமல், நனைந்த துணியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு உடம்பைச் சோப்பால் கழுவி, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முறிவு மருந்து அட்ரோபின். நம் வேலியோரத்து ஊமத்தையிலும் இருக்கும் பொருள். அதற்காக ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தெரியாத அது தானே விஷம். நுரையீரல் தெளிந்து நாடி ஏறும்வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டிய மருந்து இது. மருத்துவர் பக்கத்திலேயே நின்று கொடுப்பது.

இலங்கை இதில் நமக்கு வழிகாட்டி. 1990-களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் சரிந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் விழுந்துவிடவில்லை. ஆத்திரத்தில் கைக்கு எட்டுவது கொடியதாக இல்லாவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து எழுந்து வாழ்கிறார்கள். மனம் தாங்காமல் இருக்கிறவர்கள் 104-லோ 14416-லோ எந்த நேரமும் பேசலாம்.

மருந்தின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. வடநெம்மேலியில் எடுக்கும் விஷம் பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பாம்புகளுடையது. ஒரே இனமானாலும் ராஜஸ்தான் பாம்பின் விஷமும் வங்காளப் பாம்பின் விஷமும் வேறுபடுகின்றன, அங்கே மருந்தின் பலன் குறைகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு காட்டியிருக்கிறது. வட்டாரத்துக்கேற்ற மருந்து வர வேண்டும். தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் ஒரு பாக்கியம்: நம் பாம்புக்கு ஏற்ற மருந்து நம்மிடம் இருக்கிறது. அதனால்தான் இங்கே நிகழும் ஒவ்வொரு மரணமும் அதிகம் வலிக்கிறது.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனையும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எத்தனை கடி என்று தெரிந்தால் குப்பிகளை அங்கே முன்கூட்டியே வைக்கலாம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த முறை எதற்காகவாவது போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது? அட்ரினலின் இருக்கிறதா? இரவில் அதைப் போட ஆள் இருக்கிறாரா? கிராம சபைக் கூட்டத்திலும் இதையே கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் ஊசியை அங்கேயே போடத் துணிகிற மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஒவ்வாமை வந்தாலும் ஆத்திரப்படாமல் துணையாக நில்லுங்கள்.